பச்சை முட்டையும் பரிசோதனைக் குழாயும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில், பெண்பிள்ளை பூப்பெய்திய நாள் தொடங்கிச் சில தினங்கள் விடியற்காலையில் அவளுக்குப் பச்சை முட்டையை உடைத்துக் கொடுத்து, அதன்மேல் நல்லெண்ணெய் பருக்குதல் நெடுநாள் வழக்கமாகும். முட்டை தீண்டாத சைவ வீடுகளில் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் அவ்விடத்தைப் பெறும். இடுப்பு வலுப்பெறும், கருப்பை உறுதிப்படும், பின்னாளில் மகப்பேறு எளிதாகும் என்பன ஆச்சிமார் கூறும் காரணங்கள். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கும். ஆச்சி அருகே நின்று பார்த்திருப்பார்.

இவ்வழக்கத்தின் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு எமது நோக்கமன்று. அம்முட்டையின் வெண்கருவினுள் ஒரு புரதம் உளது. அதன் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆய்வுகூட எலிகளிடத்தே தொடங்கி, இன்று பிள்ளைப்பேறு வேண்டி இரத்தம் சோதிப்பிக்கும் பெண்ணின் அறிக்கைத்தாளில் வந்து நிற்கின்றது. அத்தாளிலுள்ள இலக்கங்கள் சிலவேளைகளிற் பொய் கூறுதற்கான காரணமும் அவ்வரலாற்றினுள்ளேயே கிடக்கின்றது. யான் சரித்திரம் படிப்பிப்பவன். விஞ்ஞானப் பட்டம் பெற்றவனல்லேன். எனினும் ஒரு சாசனம் பொய் கூறுமாயின் அது யாங்ஙனம் பொய் கூறிற்று என்று தேடுதல் எமது தொழிலுக்கும் உரியதே.

1916 ஆம் ஆண்டில் பேற்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், பச்சை வெண்கருவை மிகுதியாக உண்ட விலங்குகள் நோயுறுதலைக் கண்டெழுதினார். வெண்கரு தூய புரதம், அதனினும் சிறந்த உணவில்லை என்று கருதப்பட்ட காலம் அது. ஆதலின் அவர் கூற்றைப் பலர் பொருட்படுத்திலர். 1927 இல் இலண்டன் லிஸ்ரர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மார்கிரற் போவாஸ் என்னும் அம்மையார் இதனை முறையாக ஆராய்ந்தார். பச்சையாக உலர்த்திய வெண்கருவையே புரதமாகக் கொண்டு வளர்ந்த எலிகளுக்குத் தோல் உரிந்தது, மயிர் உதிர்ந்தது, நடை தளர்ந்தது. அவித்த வெண்கருவை உண்டவை நலமாயிருந்தன. ஈரல், மதுவம் முதலியவற்றைச் சேர்த்துக் கொடுத்தவிடத்துப் பச்சை வெண்கருவை உண்ட எலிகளும் பிழைத்தன. ஆகவே வெண்கருவில் ஏதோ ஒரு தீங்கு உண்டு என்பதும், அத்தீங்கைத் தடுக்கும் பொருளொன்று வேறு உணவுகளில் உண்டு என்பதும் புலனாயின.

தடுக்கும் அப்பொருளை ஜேர்மனியிலே போல் ஜியோர்ஜி என்பார் தேடினார். 1931 இல் அதற்கு விற்றமின் எச் எனப் பெயரிட்டார். தோலைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து அது. 1933 இல் ஹிற்லர் ஆட்சி ஏற்பட்டபொழுது, யூத குலத்தவராகிய ஜியோர்ஜி அந்நாட்டை நீங்கி, முதலில் இங்கிலாந்துக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் செல்ல நேர்ந்தது. இதற்கிடையில் ஒல்லாந்து தேசத்திலே பிரிற்ஸ் கோகல் என்பவர், மதுவம் வளர்தற்கு வேண்டிய ஒரு பொருளை முட்டையின் மஞ்சட்கருவிலிருந்து பிரித்தெடுத்து, 1936 இல் அதற்குப் பயோற்றின் எனப் பெயரிட்டார். 250 கிலோகிராம் உலர்ந்த மஞ்சட்கருவிலிருந்து அவர் பெற்ற பளிங்கு 1.1 மில்லிகிராம் மாத்திரமே. இவ்விலக்கத்தை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். மேலே இதற்கு வேலையுண்டு.

எலியைக் காத்த பொருளும் மதுவத்தை வளர்த்த பொருளும் ஒன்றே என்பதை 1940 இல் ஜியோர்ஜியும் நியூயோர்க் இரசாயன அறிஞர் வின்சென்ற் டு வின்யோவும் நிறுவினர். இந்த டு வின்யோவே பின்னர்ப் பிரசவ வேதனையைத் தூண்டும் ஒட்சிற்றோசின் என்னும் ஓமோனை ஆய்வுகூடத்தில் ஆக்கி, 1955 இல் நோபெல் பரிசு பெற்றவர். ஏறத்தாழ அதே காலத்தில் ரெக்சாஸ் சர்வகலாசாலையில் ஈக்கின், சினெல், வில்லியம்ஸ் ஆகிய மூவர் வெண்கருவின் தீங்குக்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அது பயோற்றினைக் கண்டவிடத்து ஆவலோடு பற்றிக்கொண்டு விடாதிருத்தலின், ஆவல் என்னும் பொருளமையவே அவிடின் எனப் பெயர் பெற்றது. ஓர் அவிடின் மூலக்கூறு நான்கு பயோற்றின் மூலக்கூறுகளைப் பற்றும். இயற்கையில் நாம் அறிந்த பிணைப்புக்களுள் இத்துணை உறுதியானவை மிகச் சிலவே. பச்சை வெண்கருவை உண்பவரின் குடலிலே அவிடின் பயோற்றினைப் பிணித்துவிட, அது உடலிற் சேராது கழிந்துவிடுகின்றது. அவித்தால் அவிடின் கெட்டுப்போம், தீங்கும் இல்லையாம்.

மனிதரிடத்தும் இஃது உண்மையென 1942 இல் அமெரிக்காவிலே காட்டப்பட்டது. சிடென்ஸ்ரிக்கர் என்னும் வைத்தியரும் அவருடன் பணியாற்றியோரும், தாமாக முன்வந்த நால்வருக்குப் பல வாரங்கள் வெண்கரு மிகுந்த உணவு கொடுத்தனர். தோல் செதிளாயிற்று, பசி குன்றியது, தசைகள் நொந்தன, மனம் சோர்ந்தது. நாளொன்றுக்கு 150 முதல் 300 மைக்கிரோகிராம் வரை பயோற்றினை ஊசிமூலம் ஏற்றச் சில நாட்களில் எல்லாம் நீங்கின. எம் ஆச்சிமார் கொடுக்கும் முட்டை சில நாட்களுக்கு நாளொன்றாக அமைவது. அதனோடு பயோற்றின் நிறைந்த மஞ்சட்கருவும் சேர்ந்தே உட்செல்வது. ஆதலின் அதனால் இக்குறை நேரும் என அஞ்சவேண்டுவதில்லை. பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருத்தல் கூடும் என்பது வேறு வழக்கு.

நிற்க. கோழியின் உடலில் அவிடின் உண்டாகும் முறை வியப்பிற்குரியது. 1943 இல் ஹேட்ஸ் முதலியோரும், 1960 களின் பிற்பகுதியில் பேற் ஒமாலியும், பெட்டைக்கோழியின் சூலகக் கானிலே புரொயெஸ்ரெரோன் என்னும் ஓமோனின் ஏவலினாலேயே அவிடின் சுரக்கின்றது எனக் காட்டினர். பெண்ணின் கருப்பையைக் கருவேற்கப் பதப்படுத்துவதும் அதே ஓமோன். இன்று மகப்பேற்று வைத்தியர் அளந்து பார்க்கும் ஓமோன்களில் அதுவும் ஒன்று. அளப்பதற்கு உதவும் கருவியோ அவிடினின் உறவுப் பொருள். ஆக்கியவனின் அளவைத் தானே அளந்து சொல்லும் நிலைக்கு அப்புரதம் வந்த கதையை இனி நோக்குவாம்.

முற்காலத்தில் ஓமோனை அளத்தற்கு விலங்கே தராசு. 1920 களின் இறுதியில் பேர்லினிலே அஷைம், சொண்டெக் என்னும் இருவர் பெண்ணின் சிறுநீரை எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றிக் கர்ப்பத்தை அறிந்தனர். அதன்பின் ஆபிரிக்கத் தவளையொன்று அப்பணியை ஏற்றது. சிறுநீர் ஏற்றப்பட்ட தவளை முட்டையிட்டாற் பெண் கர்ப்பவதி. இவை உண்டு, இல்லை என்று கூறுமேயன்றி நுண்ணிதாக அளந்து கூறமாட்டா. நுண்ணளவையின் கதவைத் திறந்தவர்கள் நியூயோர்க் பிராங்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய றோசலின் யலோ அம்மையாரும் சொலமன் பேர்சனும் ஆவர். பிறபொருளெதிரியையும் கதிர்த்தொழிற்பாடுடைய பொருளையும் கொண்டு இன்சுலினை அளக்கும் முறையை 1959, 1960 ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்டனர். அம்முறைக்கு அவர்கள் காப்புரிமை நாடவில்லை. பேர்சன் 1972 இல் மறைந்தார். யலோ அம்மையார் 1977 இல் நோபெல் பரிசு பெற்றார். சூலகத்தையும் கபச்சுரப்பியையும் பற்றி இன்று வைத்தியர் பேசும் இலக்கங்கள் யாவும் இவ்விருவரின் வழியில் வந்தனவே.

கதிர்த்தொழிற்பாடுடைய பொருள் அபாயமானது. அதனிடத்தில் நொதியங்களும் பின்னர் ஒளிவிடும் பொருள்களும் வந்தன. அளக்கப்படும் பொருளைப் பற்றிநிறுத்த உறுதியான ஒரு கொளுவியும் வேண்டியிருந்தது. 1970 களிலே இஸ்ரவேல் நாட்டு வைஸ்மன் நிலையத்தில் மெயர் வில்செக், எட்வேட் பயர் ஆகியோர் அவிடினும் பயோற்றினும் பற்றும் பிடியை இத்தகைய பணிகளுக்குப் பயன்படுத்தும் நெறியை வளர்த்தனர். அதற்கு முன்பே, 1964 இல், மேர்க் மருந்துக் கம்பனியின் ஆய்வாளர் நுண்ணங்கி ஒன்றிலிருந்து அவிடினை யொத்த ஸ்ரெப்ரவிடின் என்னும் புரதத்தைக் கண்டிருந்தனர். பற்றும் வலிமை அதற்கும் உண்டு. வேண்டாதவற்றில் ஒட்டும் குணம் குறைவு. ஆகவே முட்டைப் புரதம் விலக, அதன் தம்பி பொறிகளுக்குள் ஏறிற்று. இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளில் இயங்கும் தானியங்கிப் பொறிகள் பல, எல்லாம் அல்ல, இக்கொளுவியைக் கொண்டே ஓமோன்களை அளக்கின்றன.

பொறியின் செயலை எம்மூர்க் கலியாணப் பந்தியைக் கொண்டு விளக்கலாம். பந்தியில் இத்தனை இலைகள் எனப் போட்டாயிற்று. இலைகளே ஸ்ரெப்ரவிடின். அழைக்கப்பட்டோர் யாவரும் பயோற்றின் என்னும் அழைப்பிதழைக் காட்டி அமர்வர். அவ்வாறு அமரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு விளக்கு உண்டு. விளக்குகளை எண்ணினால் வந்தோர் தொகை தெரியும். எவ்.எஸ்.எச்., எல்.எச்., புரொலக்ரின், தைரொயிட்டைத் தூண்டும் ரி.எஸ்.எச்., கருவுற்றதைக் காட்டும் எச்.சி.ஜீ., சூல்களின் இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஆகிய பெரிய மூலக்கூறுகள் இவ்வாறு எண்ணப்படுவன. இரத்தத்திலே பயோற்றின் மிதமிஞ்சியிருந்தால் என்னாகும்? வெறும் அழைப்பிதழ்களே ஓடிவந்து இலைகளை நிரப்பிவிடும். விளக்கேந்தியவர்கள் இடமின்றி வெளியே நின்று, கழுவும் நீரோடு போய்விடுவர். விளக்குகள் குறைவு, ஆகவே ஓமோன் குறைவு என்று பொறி எழுதும்.

ஈஸ்ரடயோல், புரொயெஸ்ரெரோன், ரெஸ்ரொஸ்ரெரோன் ஆகிய சிறிய மூலக்கூறுகளை எண்ணும் முறை வேறு. அங்கே வீட்டுக்காரர் தம்முடைய ஆட்கள் சிலர் கையில் விளக்கைக் கொடுத்துப் பந்திக்கு விடுகிறார். விருந்தினர் மிக வந்தால் வீட்டாட்களுக்கு இலை கிடையாது. ஆதலின் விளக்குக் குறைந்தால் விருந்தினர் அதிகம் என்பது கணக்கு. இங்கும் வெறும் அழைப்பிதழ்கள் இலைகளை நிரப்பிவிட்டால் விளக்குக் குறையும். ஆனாற் பொறியோ ஓமோன் மிகுதி என்று எழுதும். ஒரே குளிகை ஓர் இலக்கத்தைத் தாழ்த்தி மற்றோர் இலக்கத்தை உயர்த்தும் விந்தை இதுவே. பெண்ணின் உடலிலே யாதொரு மாற்றமும் நிகழ்ந்ததில்லை. மாறியது தாளில் மாத்திரமே.

இத்தவறு ஒரு காலத்தில் எழவில்லை. வளர்ந்தவருக்குப் போதுமென அமெரிக்க அறிஞர் குறித்த பயோற்றின் அளவு நாளொன்றுக்கு 30 மைக்கிரோகிராம். உணவினாலோ, அவ்வளவே சேர்ந்த கர்ப்பகாலச் சத்துக் குளிகையினாலோ பொறி தடுமாறுவதில்லை. மயிருக்கும் நகத்துக்கும் தோலுக்கும் என்று இக்காலத்தில் விற்கப்படும் குளிகைகளிலோ 5 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் உள. 10 மில்லிகிராம் என்பது அந்நாளளவின் முந்நூறு மடங்குக்கும் மேற்பட்டது. 250 கிலோகிராம் மஞ்சட்கருவை உலர்த்தி அரித்துக் கோகல் பெற்ற பொருளின் ஒன்பது மடங்கை ஒரு பெண் காலையில் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறாள்.

முதலில் இது வெளிப்பட்டது பிறவியிலேயே வளர்சிதைமாற்றக் குறையுடைய குழந்தைகளிடத்து. அவர்களுக்குப் பயோற்றின் மருந்தாகவே மிகுதியாகக் கொடுக்கப்படும். அத்தகைய ஒரு சிசுவின் தைரொயிட்டுச் சோதனை பிழைத்ததை 1996 இல் ஒரு சஞ்சிகை அறிவித்தது. 2016 இல், தைரொயிட்டு மிகைத்த நோய் போலத் தோன்றிய குழந்தைகள் அறுவரைப் பற்றிய செய்தி அமெரிக்காவின் புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகை ஒன்றில் வந்தது. நோய் யாருக்கும் இல்லை, பயோற்றினே காரணம். 2017 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. பயோற்றின் மிகுதியாக உட்கொண்ட ஒருவரின் மாரடைப்புச் சோதனை பொய்யாகத் தாழ்ந்து காட்ட, அவர் இறந்துபோன செய்தியும் அவ்வெச்சரிக்கையிலே உண்டு. 2019 இல் அவ்வெச்சரிக்கை புதுப்பிக்கப்பட்டது. பொறி செய்யும் கம்பனிகள் சில அதன்பின் தம் சோதனைகளைத் திருத்தியமைத்துள்ளன. ஆயின் பழைய முறையிலமைந்தவை எங்கும் ஒருங்கே மறைந்துவிடுவதில்லை.

எம்மூரில் இக்குளிகை கடையிற் கிடைக்கும். அதனினும் மிகுதியாகப் பொதியில் வரும். கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் உள்ள சகோதரிமார் அனுப்பும் பொதியிலே சொக்கிளேற்றும் சவர்க்காரமும் இருக்க, அவற்றின் நடுவே "தலைமயிருக்கு நல்லதாம்" என்ற குறிப்போடு ஒரு போத்தலும் இருக்கும். அதனை மருந்தென்று எவரும் எண்ணுவதில்லை. சத்து என்றே கூறுவர்.

என் சகோதரியின் மகள் ஒருத்தி மணமாகி நான்காண்டு பிள்ளையின்றி இருந்தாள். கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும் நோற்றாள்; வைத்தியரிடமும் சென்றாள். காலையிற் குளிகையை விழுங்கிவிட்டுச் சென்று, ஒன்பது மணியளவில் இரத்தம் கொடுத்தாள். குளிகை உட்சென்று ஓரிரு மணி நேரத்திலேயே இரத்தத்திற் பயோற்றின் உச்சத்தை அடையும் என்பது அப்பொழுது எமக்குத் தெரியாது. ஏ.எம்.எச். மிகத் தாழ்ந்திருந்தது. சூல்கள் தீர்ந்துபோகின்றன, காலம் கடந்துவிட்டது என்று பொருள் கொள்ளத்தக்க இலக்கம். தாளை முதலிற் படித்தவர் வைத்தியரல்லர், புகுந்த வீட்டார். மலடி என்ற சொல்லை எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே அது அவ்வீட்டிற் சில நாட்கள் நடமாடிற்று. கணவனைச் சோதிக்கவேண்டும் என்ற பேச்சு அவ்வேளையில் எழவேயில்லை என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும்.

தாளை நோக்கிய வைத்தியப் பெண்மணிக்கு ஒன்று பொருந்தவில்லை. சூலகம் உண்மையில் ஓய்ந்துவருமாயின் அதனை ஏவும் எவ்.எஸ்.எச். உயர்ந்திருத்தல் வேண்டும். இங்கே அதுவும் தாழ்ந்திருந்தது, ரி.எஸ்.எச். உம் தாழ்ந்திருந்தது. ஆயின் கைநடுக்கமோ மெலிவோ தைரொயிட்டு மிகைத்தவரின் வேறு குறிகளோ இல்லை. ஒரே நாளில் எழுதப்பட்ட மூன்று சாட்சியங்கள் ஒன்றையொன்று மறுத்தால் எழுதிய கையை ஐயுறுவது சரித்திரகாரன் வழக்கம். அவ்வம்மையாரும் அதனையே செய்தார். "என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று முன்பு கேட்டதற்கு "ஒன்றுமில்லை" என்று விடை பெற்றவர், இம்முறை "என்ன சாப்பிடுகிறீர்கள்? போத்தலில் வருவது ஏதும் உண்டோ?" என்று கேட்டார். ரொறன்ரோவிலிருந்து வந்த போத்தல் வெளிவந்தது. ஒரு கிழமை நிறுத்தி மீண்டும் சோதித்தபொழுது இலக்கங்கள் அவள் வயதுக்கு ஏற்றனவாயிருந்தன.

எங்கள் பரம்பரை வைத்தியர் நாடி பிடித்தற்கு முன்னும் பின்னும் கேட்கும் கேள்வி இதுவேயன்றோ? உணவையும் மருந்தையும் வேறுபிரியாது ஒரே கணக்கில் எழுதியது எம்மவர் வைத்தியம். பத்தியம் என்னும் சொல்லுக்கு அடிப்படையும் அதுவே. மேனாட்டு வைத்தியம் வந்தபின், நோயாளி தான் உண்பதை வைத்தியருக்குச் சொல்லவேண்டுவதில்லை என்று எண்ணப் பழகிவிட்டார். குற்றம் மேனாட்டு வைத்தியத்தினுடையதன்று என்பதே எனது கருத்து. கேள்வியைக் கேட்பதற்கு நேரம் இல்லாமற் போனதே குற்றம்.

பயோற்றின் தவிரப் பிற குளிகைகளும் உள. சூலகத்துக்கு வலுவூட்டும் என்று சிலர் உட்கொள்ளும் டி.எச்.ஈ.ஏ. உடலிலே மாறிப் பெருகி, சில சோதனைகளில் புரொயெஸ்ரெரோன் போலத் தோன்றி அவ்வளவை உயர்த்திக் காட்டியதுண்டு. அது வேறு வகைத் தவறு, தனியே எழுதத்தக்கது.

இத்தவறுகள் பற்றிய எச்சரிக்கை இல்லாமல் இல்லை. மேற்கூறிய வகைச் சோதனைகள் சிலவற்றோடு வரும் குறிப்புத்தாளில், நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற் பயோற்றின் எடுப்பவரிடம் கடைசிக் குளிகைக்குப்பின் எட்டு மணி நேரமாவது கழியுமுன் இரத்தம் எடுத்தலாகாது என்று அச்சிடப்பட்டிருந்தது. அமெரிக்கத் தைரொயிட்டுச் சங்கம் இரண்டு நாட்களாவது நிறுத்துக என்கின்றது. மிக உயர்ந்த அளவில் எடுப்பவருக்கு அதனினும் கூடிய நாட்கள் வேண்டும். அதனை வைத்தியரே வரையறுத்தல் வேண்டும். குறிப்புத்தாளோ ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில், இரசாயனப் பெட்டிக்குள் மடிந்து கிடப்பது. அது பொறியை இயக்குபவருக்கு உரியது. இரத்தம் கொடுப்பவள் அதனைக் காண்பதில்லை.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர், மோன்சல் என்பவரின் பிரசவ வைத்திய நூலை 1857 இல் தமிழில் வெளியிட்டார். அந்நாளில் இம்மண்ணிற் பிள்ளைப்பேறு பார்க்கப் பயின்ற மாணவர் அதனைத் தம் மொழியிலே படித்தனர். இன்று எம் சர்வகலாசாலைக்கு மருத்துவபீடம் உண்டு; 1978 முதல் அது வைத்தியரை ஆக்கி வருகின்றது. நகரிலே ஆய்வுகூடங்கள் பல உண்டு. காலையில் அவற்றின் வாசலிலே, முதல்நாள் இரவு முதல் ஒன்றும் உண்ணாது, கையில் வைத்தியரின் துண்டோடு இளம் பெண்கள் வரிசையில் இருப்பதை யாவரும் காணலாம். அவ்வெட்டு மணி நேரக் குறிப்பு அவ்வாசற்சுவரிலே தமிழில் ஒட்டப்பட்டிருக்க யான் இதுகாறும் கண்டிலேன். உணவு கூடாது, தண்ணீர் பருகலாம் என்ற அறிவித்தல் மாத்திரம் உண்டு. தண்ணீரோடு குளிகையும் போகின்றது.